ருசி பார்க்க வந்தவன்

அமெரிக்காவில் இறங்கிய மறுநாளே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைவ ஹோட்டல் நடத்துகிறவன் நான். விடிவதற்கு முன்னால் அடுப்பைப் பற்றவைத்தால், கடைசி மேஜையைத் துடைத்த பிறகுதான் உட்காருவேன். நியூஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்த என் தங்கை கோமதியின் வீட்டில் காலையிலேயே சோபாவில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னல் வழியே பார்த்தேன். வரிசையாக வீடுகள் இருந்தன, புல் ஒழுங்காக வெட்டியிருந்தது, ஆட்களை மட்டும் காணோம்.

கோமதியின் அடுப்பைத் தேய்த்து வைத்தேன். பொடி டப்பாக்களை உயர வாரியாக அடுக்கினேன். "அண்ணே, ப்ளீஸ், கொஞ்சம் சும்மா இரேன்" என்றாள். சும்மா இருக்க முடியாமல், எங்கேயாவது கடைத்தெரு இருக்கும் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். தெரு முடிந்து பெரிய சாலை வந்தது. நடைபாதை என்று ஒன்று கிடையாது. கொஞ்ச தூரம் போனதும் ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, கார் ரிப்பேராகிவிட்டதா என்று கேட்டார். கார் இல்லை, நடக்கிறேன் என்றேன். எங்கே என்றார். டீ குடிக்க என்றேன். அவர் மரியாதையாகப் பின் ஸீட்டில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். எதிர் வீட்டுப் பெண்மணி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். அந்தத் தெருவில் நான் பார்த்த முதல் மனித முகம் அதுதான்.

நான் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. கோமதியின் வீட்டுக்காரர் சங்கரன் ரசாயனம் படித்தவர். அவர் வேலை பார்த்த மருந்துக் கம்பெனி, அவர் இருந்த பிரிவையே மூடிவிட்டது. வேறு வேலை தேடி அலுத்துப்போன மனிதர், ஒருநாள் திடீரென்று டெக்ஸஸில் பர்கர் கடை எடுத்து நடத்தப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். நாடு முழுக்கக் கிளைகள் வைத்திருக்கும் பழைய கம்பெனி ஒன்று. பணம் கட்டி, பயிற்சி முடித்து, அவர்கள் வைக்கும் பரீட்சையில் தேறினால், அவர்கள் பெயரில் ஒரு கடையை நம்மிடம் கொடுப்பார்கள். ஆலன் என்ற ஊரில் இடம்கூடப் பார்த்தாகிவிட்டது. ஹோட்டல்காரனான நான் வந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று கோமதி ஊருக்கு போன் போட்டு அழுதாள். அதனால்தான் வந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே கம்பெனியின் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். சிவப்புக் கூரை போட்ட கட்டிடம். காரைவிட்டு இறங்கவே வேண்டாம். ஒரு கம்பத்தில் ஒலிபெருக்கி, பக்கத்தில் விளக்கு எரியும் பலகை. பலகையில் ஒற்றை பர்கர், இரட்டை பர்கர், சீஸ் போட்டது, மீன் வைத்தது, பன்றி இறைச்சி வைத்த நீள ரொட்டி, உருளைக்கிழங்கு வறுவல், வெங்காய வளையம், ஆப்பிள் பை, மூன்று நிற மில்க் ஷேக். என் ஹோட்டல் பலகையில் இதைவிட இரண்டு மடங்கு இருக்கும், அதில் பாதி தீர்ந்துபோயிருக்கும். இங்கே எதுவுமே தீர்ந்துபோவதில்லையாம். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கோமதி ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் கம்பத்தைப் பார்த்துப் பேசினாள். நாலு சீஸ் பர்கர், இறைச்சி இல்லாமல். கம்பம், எது இல்லாமல் என்று கேட்டது. இறைச்சி இல்லாமல். சீஸ் இல்லாமலா? இல்லை, சீஸ் இருக்கட்டும், இறைச்சி வேண்டாம். கம்பத்துக்குள் யாரோ யாரையோ கூப்பிட்டுக் கலந்து பேசுவது கேட்டது. "எவ்ரி ஃப்ரைடே இதே கூத்துதான் மச்சான்" என்றார் சங்கரன். கோமதியின் மகள், என் மருமகள் மீனாவுக்கு எட்டு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் வரும். அம்மா இப்படிச் சத்தம் போடும்போது யாராவது ஸ்கூல் பிள்ளைகள் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று அவள் ஸீட்டில் தலையைக் குனிந்துகொண்டாள்.

வந்ததைத் தின்றுபார்த்தேன். இனிப்பான ரொட்டிக்கு நடுவில் தக்காளி, வெங்காயம், கீரை, புளித்த வெள்ளரிக்காய்த் துண்டு, உருகாத சீஸ். நடுவில் இருக்கவேண்டியது இல்லாததால் மேல் ரொட்டி அமுங்கிக் கிடந்தது. எப்படி இருக்கிறது என்று சங்கரன் ஆசையாகக் கேட்டார். "இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு மாப்பிள்ளை, இலையைப் போட்டுட்டுச் சோறு வைக்காத மாதிரி இருக்கு" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

மறுநாள் காலையில் சங்கரன் மீனாவை நீச்சலுக்குக் கூட்டிப்போயிருந்தார். கோமதி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, கடை வைக்கட்டும், விக்கட்டும், நான் குறுக்க நிக்கல. ஆனா ட்ரெயினிங் முடியறப்ப ஒரு டெஸ்ட் இருக்காம். கடை எடுக்கறவங்க இறைச்சி வச்ச பர்கரைத் தாங்களே செஞ்சு, சாப்பிட்டு, எப்படி இருக்குன்னு சொல்லணுமாம். சாப்பிட மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணியிருக்காரு. நீ கூடப் போ. சாப்பிட்டாரா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

"சாப்பிட்டுட்டாருன்னா?"

"நானும் மீனாவும் இங்கயே இருந்துக்குவோம். நான் வேலைக்குப் போவேன். அவரு டெக்ஸஸ்ல கடையைப் பாத்துக்கட்டும்."

"அவரையே கேட்டுக்கயேன்."

"கேக்கவே பயமா இருக்குண்ணே. உனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசுலேருந்து போன்லகூட உன் குரல்லயே கண்டுபிடிச்சிருவேன்."

ஆடு கோழியே வாசல் ஏறாத குடும்பம் எங்களுடையது. இதுவோ மாடு. அவள் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. என் ஹோட்டலில் சாம்பாரோ சட்னியோ, முதல் கரண்டி என் உள்ளங்கையில் விழுந்து, நாக்குக்குப் போன பிறகுதான் ஷட்டர் மேலே போகும். ருசி பார்க்காத மாஸ்டரை நான் வைத்துக்கொண்டதே இல்லை. தான் வாயில் வைக்காததை ஊருக்கு விற்பவனை என்னால் மதிக்க முடியாது. அப்படியென்றால் சங்கரன் சாப்பிடவேண்டும். சாப்பிட்டால் குடும்பம் இரண்டாகும். சாப்பிடாவிட்டால் கடை கிடையாது. இதில் ஹோட்டல்காரனாகப் பேசுவதா, அண்ணனாகப் பேசுவதா என்று தெரியாமல் அன்று முழுக்க அந்த வீட்டின் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

சங்கரனோடு நான் கிளம்பும்போது கோமதி போன் செய்யும் முறையைச் சொல்லிக்கொடுத்தாள். எந்த ரோட்டோர போனாக இருந்தாலும் சைபரை அழுத்தினால் ஆபரேட்டர் வருவாள். கலெக்ட் என்று சொல்லி நம்பரைக் கொடுத்தால் போதும், காசே போடவேண்டாம், பில் கோமதிக்கு வந்துவிடும். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நம் ஊரில் இதை வைத்தால் எல்லோரும் அடுத்தவன் செலவிலேயே பேசிக்கொண்டிருப்போம்.

முதலில் கலிஃபோர்னியா. சான் பிரான்சிஸ்கோவுக்கு அந்தப் பக்கம், வளைகுடாவை ஒட்டின ஊர் ஒன்றில் சங்கரனின் நண்பர் அருள்நாதன் இதே கம்பெனியின் கடையை நடத்திவந்தார். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர், பெரிய மீசை, அதைவிடப் பெரிய சிரிப்பு. விமானத்தில் எனக்குச் சைவச் சாப்பாடு என்று ஒரு ஆம்லெட்டைக் கொடுத்திருந்தார்கள். அதைத் தொடாமல் வந்த பசியில் இருந்தேன். அருள்நாதன் வீட்டில் அவர் மனைவி இடியப்பமும் சொதியும் வைத்தார். தேங்காய்ப்பால் அளவாக, புளிப்பு அளவாக இருந்தது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அந்தப் பயணத்தில் என் வயிறு வாயாரப் பாராட்டியது அந்தச் சொதியை மட்டும்தான்.

மறுநாள் கடைக்குள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். நான் ஹோட்டல் சமையலறைகளில் வளர்ந்தவன். ஆனால் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. புகை இல்லை, சத்தம் இல்லை, மாஸ்டர் இல்லை. நடுவில் பெரிய இரும்புப் பெட்டி. அதன் ஒரு வாயில் உறைந்த இறைச்சி வில்லைகளை ஒரு பையன் வைக்கிறான். உள்ளே சங்கிலி மெதுவாக ஓடுகிறது, அடியில் நெருப்பு. மறு வாயில் வெந்து விழுகிறது. மேலே ஓடும் இன்னொரு சங்கிலியில் ரொட்டி வாட்டப்பட்டு இறங்குகிறது. எவ்வளவு நேரம் வேகவேண்டும் என்று யாரும் யோசிப்பதில்லை, சங்கிலி பார்த்துக்கொள்கிறது.

வெந்த வில்லைகள் ஆவித் தொட்டி ஒன்றுக்குள் போகின்றன. அடுத்து பர்கர் அடுக்கும் நீளமான பலகை. அருள்நாதன் அதைத் தட்டிக் காட்டினார்.

"இதுதான் அண்ணை சாமி அறை. இஞ்சை பிழை விட்டால் கடை போச்சு. முதல் அடி ரொட்டி, அதுக்கு மேலை இறைச்சி. வெள்ளரிக்காய் ஒண்டுக்கு மேலை ஒண்டு ஏறக்கூடாது. கெட்சப் சுழிச்சு விடவேணும். பிறகு வெங்காயம், தக்காளி, கீரை. மேல் ரொட்டியிலை மயோனைஸ் ஓரம் வரைக்கும் பூசவேணும், நடுவிலை குவிக்கக்கூடாது."

சொல்லிக்கொண்டே செய்து, தாளில் சுற்றி, சரிவான தட்டில் தள்ளினார். அதன் பின்னால் ஒரு நம்பர் அட்டை. அந்த நம்பருக்குக் கடிகார முள் வந்துவிட்டால், யாரும் வாங்காததைக் குப்பையில் போட்டுவிடவேண்டும். கண்ணெதிரே நாலைந்தைத் தூக்கிப் போட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நான் மிஞ்சின இட்லியை உப்புமாவாக்குகிறவன்.

"தினமும் ருசி பாக்கணுமாமே?" என்று கேட்டேன்.

"ஓம். காலமை கதவு திறக்கிறதுக்கு முதல் ஒண்டு செய்து நான் கடிச்சுப் பாக்கவேணும். எனக்கென்ன, நான் எல்லாம் சாப்பிடுவன். சங்கரனை நினைச்சால்தான் பாவமாக் கிடக்கு."

சங்கரன் அப்போது பலகை முன்னால் நின்று, வெள்ளரிக்காய்த் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கிப் பழகிக்கொண்டிருந்தார். தராசில் மருந்து நிறுக்கிற கை. ஒவ்வொரு துண்டையும் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

டெக்ஸஸுக்குப் போகும் விமானத்தில் என் பக்கம் சாய்ந்து கேட்டார். "மச்சான், நீங்க இத்தனை வருஷமா ஹோட்டல் நடத்துறீங்க. ஆனஸ்ட்டா சொல்லுங்க. ருசி பாக்காம ஒருத்தன் கடை நடத்தலாமா?"

கூடாது என்பதுதான் என் பதில். அது நாக்கு நுனிவரை வந்தது. கோமதியின் முகம் நினைவுக்கு வந்தது. "தூங்குங்க மாப்பிள்ளை" என்று எரிந்துவிழுந்தேன். அவர் பாவம், கண்ணை மூடிக்கொண்டார், தூங்கவில்லை.

டாலஸில் வெயில் கோவில்பட்டிக்குச் சளைத்ததில்லை. வாடகைக்கு எடுத்த காரில் ஏஸி வேலை செய்யவில்லை. என் பக்கத்துக் கண்ணாடி பாதி இறங்கி நின்றுவிட்டது, மேலேயும் போகாது, கீழேயும் போகாது. ஃப்ரீவேயில் அந்தப் பாதி இடைவெளி வழியாகச் சூடான காற்று என் காதுக்குள் ஊளையிட்டது. அதோடு ஆலன் போய் அவர் பார்த்துவைத்த இடத்தைப் பார்த்தோம். இப்போது அங்கே நம்மவர்கள் நிறைய இருக்கிறார்களாம். அன்று ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சர்ச், வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள். மாடுகள் எங்களையே பார்த்தன. "இதுங்க எதிர்லயா கடை வைக்கப்போறீங்க?" என்றேன். சங்கரன் சிரிக்கவில்லை.

பயிற்சி டாலஸ் பக்கத்தில் ஃப்ரீவே ஓரம் இருந்த ஒரு கடையில். அதன் மேனேஜர் டார்லீன், நாற்பது வயதுக்காரி, குதிரைவால் கொண்டை, பேசும்போதே பலகையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அந்த ஒரு குணத்தாலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. நான் உட்கார முடியாமல் தவிப்பதைப் பார்த்துவிட்டு, கையில் ஒரு துணியைக் கொடுத்து, மேஜைகளைத் துடைக்கிறாயா என்றாள். அமெரிக்காவில் என் மனம் கொஞ்சம் அமைதியாக இருந்தது அந்த நாட்களில்தான். சங்கரன் அவளைத் தன் கடைக்கு மேனேஜராக வரச்சொல்லிக் கேட்டிருந்தார். ஆலன் பக்கம்தான் அவள் வீடும். பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தாள். முதலில் நீ தேறுகிறாயா பார்ப்போம் என்பது அதற்கு அர்த்தம்.

சங்கரன் எல்லாவற்றையும் எழுதி மனப்பாடம் செய்தார். எண்ணெயின் சூடு, ஆவித் தொட்டியின் சூடு, வெங்காயத்தின் தடிமன் எல்லாம் கேட்டால் சொல்வார். பலகை முன்னால் அவரைத் தனியாக விட்ட முதல் மத்தியானம்தான் அந்தக் கூத்து நடந்தது.

கூட்டமான நேரம். கார்கள் வரிசையாக வந்தன. சங்கரன் மளமளவென்று சுற்றித் தள்ளினார். டார்லீன்கூடத் தலையை ஆட்டிப் பாராட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய தொப்பிக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னாலேயே ஒரு அம்மா, இரண்டு குழந்தைகளோடு. தொப்பிக்காரர் கவுண்ட்டரில் பர்கரைப் பிரித்து வைத்து, மேல் ரொட்டியை விரலால் தூக்கிக் காட்டினார்.

"ஏம்மா, நான் சாப்பிட வந்தேன். நீங்க எனக்குத் தோட்டத்தைச் சுத்திக் குடுத்திருக்கீங்க" என்றார்.

உள்ளே இறைச்சி இல்லை. அந்த அம்மா வாங்கின மூன்றிலும் இல்லை. டார்லீன் ஓடிப்போய்ச் சரிவுத் தட்டில் இருந்ததை எல்லாம் பிரித்தாள். வெள்ளரிக்காய் ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை, மயோனைஸ் ஓரம் வரைக்கும் பூசியிருந்தது, ஒன்றில்கூட இறைச்சி இல்லை. ஆவித் தொட்டியில் வில்லைகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. அமெரிக்கா வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் இறைச்சி இல்லாமல், இறைச்சி இல்லாமல் என்று சொல்லியே பழகின மனிதர், அவசரத்தில் தான் தின்னும் பர்கரை ஊருக்கெல்லாம் செய்து கொடுத்துவிட்டார்.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. தொப்பிக்காரரும் சிரித்தார். சங்கரன் மட்டும் கையுறையைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் போய்க் குளிர் அறைக் கதவில் சாய்ந்து நின்றார். போய்ப் பார்த்தால் கண் கலங்கியிருந்தது.

"மச்சான், எனக்கு வேற எதுவும் வரல. வேலை கேட்டு எழுதி எழுதி டயர்ட் ஆயிட்டேன். இதுவும் போச்சுன்னா கோமதி முகத்துல எப்படி முழிப்பேன்?"

சிரித்ததற்காக எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. "போகாது, வாங்க" என்று தோளைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். போகாது என்று எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

பரீட்சை நாள் காலை. கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. கம்பெனியிலிருந்து ஆய்வாளர் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, டை, முழங்கால்வரை பூட்ஸ், கையில் சூடு பார்க்கும் ஊசி. கெடுபிடியான ஆள் இல்லை, நல்ல மாதிரியாகவே பேசினார். சங்கரன் பலகை முன்னால் நின்றார். இந்தத் தடவை இறைச்சியை மறக்கவில்லை. வில்லையை ரொட்டியின் நடுவில் வைத்து, குனிந்து பார்த்து, ஒரு நூல் நகர்த்தினார். நாலு வெள்ளரிக்காய்த் துண்டு, நாலு திசையில். கெட்சப்பைச் சுழித்தார், கோலம் போடுகிற நிதானத்தில். தக்காளியைத் திருப்பிவைத்தார். அவ்வளவு அழகான பர்கரை அந்தக் கம்பெனியின் விளம்பரப் படத்தில்கூட நான் பார்த்ததில்லை.

ஆய்வாளர் அதைக் கத்தியால் நாலாக வெட்டினார். ஒரு துண்டைத் தான் எடுத்துக்கொண்டு, தட்டைச் சங்கரன் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிட்டு, இதைக் கடையில் வைக்கலாமா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

சங்கரன் தட்டைப் பார்த்தார். கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார்.  பிறகு என்னைப் பார்த்தார். என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. நான் அங்கே நிற்பது கோமதி நிற்பது மாதிரி அவருக்கு இருந்திருக்கும். அந்தக் கை மறுபடி நீண்டது. இந்த முறை எடுத்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் முந்திக்கொண்டேன். யோசித்துச் செய்ததாகச் சொல்ல மாட்டேன். தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, எச்சில் படாமல் உள்ளங்கையில் வைத்து, ஹோட்டலில் சாம்பாரை ருசி பார்ப்பது போலவே வாய்க்குள் போட்டுக்கொண்டேன். "நான் ஹோட்டல்காரன். இவருக்கு ருசி பார்க்கிற ஆள் நான்தான்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். வாயில் அதை வைத்துக்கொண்டே சொன்னேன்.

மென்றேன். குமட்டும் என்று பயந்தேன், குமட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நாக்கு பழக்கத்தில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. முதலில் புளிப்பு, பிறகு கரிந்த வாசனை, பிறகு கொழுப்பு. துப்புவதற்கு இடம் தேடவில்லை. ருசி பார்ப்பவன் விழுங்கித்தான் சொல்லவேண்டும் என்பது என் வழக்கம். விழுங்கினேன்.

"மாப்பிள்ளை, பாக்க லட்சணமா இருக்கு. ஆனா ஆறிப்போச்சு" என்றேன் தமிழில். "நீங்க ஜோடிச்சு முடிக்கறதுக்குள்ள நடுவுல சூடு போயிருச்சு. இதை வைக்கக்கூடாது."

சங்கரன் வாயைத் திறந்தபடி நின்றார். நான் என்ன சொன்னேன் என்று டார்லீன் கேட்டாள். அவர் தயங்கித் தயங்கி இங்கிலீஷில் சொன்னார். ஆய்வாளர் தன் ஊசியை மிச்சத் துண்டில் குத்திப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "சரி, நீங்கள் ஊருக்குப் போன பிறகு இவருக்கு யார் ருசி பார்ப்பார்கள்?" என்று கேட்டார்.

பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த டார்லீன் நிமிரவே இல்லை.

"நான்தான். நான் அவர் கடைக்கு மேனேஜராகப் போகிறேன். சமையலறைக்குப் பொறுப்பானவர் ருசி பார்க்கவேண்டும் என்றுதானே உங்கள் விதி? முதலாளிதான் சாப்பிடவேண்டும் என்று எங்கே இருக்கிறது?"

ஆய்வாளர், விதி அப்படித்தான் இருக்கிறது என்றார். வழக்கமாக முதலாளிகளே சமையலறையையும் பார்ப்பதால் அவர்களையே சாப்பிடச் சொல்லிவிடுவோம் என்றார். சங்கரனை மறுபடி ஒன்று செய்யச் சொன்னார், இந்தத் தடவை சீக்கிரமாக. அதை டார்லீன் கடித்துப் பார்த்து, வைக்கலாம் என்றாள். கையைக் குலுக்கினார்கள். சங்கரனுக்குக் கடை கிடைத்துவிட்டது.

இதை ஒரு நிமிஷம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா தாயே என்று எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. கழிவறைக்குப் போய் வாயைக் கொப்பளித்தேன், மறுபடி கொப்பளித்தேன். கண்ணாடியில் என் நெற்றியில் திருநீறு அப்படியே இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் வெளியே வந்தேன். சங்கரன் என்னைத் தேடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.  "கோமதிகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம், நான் பேசிக்கறேன்" என்றேன்.

கார்கள் நிற்குமிடத்தின் ஓரத்தில் வெயிலில் ஒரு போன் இருந்தது. ரிசீவர் கையைச் சுட்டது. ஆபரேட்டர் கோமதியிடம் பேசிவிட்டு இணைப்பைக் கொடுத்தாள். முதல் மணியிலேயே கோமதி எடுத்திருந்தாள் போல.

"அண்ணே, சாப்பிட்டாரா?"

"இல்லம்மா. உன் வீட்டுக்காரர் வாயில ஒரு துணுக்குப் படல. கடையும் கிடைச்சிருச்சு."

"சத்தியமா?"

"சத்தியமா."

 அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. மீனா, என்ன ஆச்சு மம்மி என்று இங்கிலீஷில் கேட்பதும், ஒன்றுமில்லை, நாம் டெக்ஸஸ் போகப்போகிறோம் என்று கோமதி சொல்வதும் கேட்டது.  வந்த காரியம் முடிந்தது, இனி ஊருக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்கலாம் என்று நினைத்தேன்.

"நீ கூட இருந்ததாலதான்ணே இது நடந்துச்சு" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஆமா, நீ சாப்பிட்டியா? பட்டினியா கெடக்கியா?"

"சாப்பிட்டேன்."

"அங்க உனக்கு என்ன கெடைச்சுது? என்ன சாப்பிட்ட?"

வாயில் இன்னும் அந்தக் கரிந்த வாசனை இருந்தது. ரொட்டி என்று சொல்லலாம் என்று வாயெடுத்தேன். குரல் வரவில்லை.

"அண்ணே?"

"காசு தீரப்போகுது கோமதி, வச்சிடறேன்" என்று சொல்லிச் சட்டென்று போனை வைத்துவிட்டேன்.

கடையைப் பார்த்துப் பாதி தூரம் நடந்த பிறகுதான், நான் அந்த போனில் காசே போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பில் அவளுக்குத்தான் போகும். காசு தீரப்போகுது என்று நான் சொன்னபோதே அவளுக்கு அது தெரிந்திருக்கும்.